மூன்றாவது தறி

ஜூலை 18, வெள்ளி

என் அப்பாவை முருகையா மாமா கொன்றுகொண்டிருக்கிறார். கத்தி இல்லை. காலையில் ஒரு கரண்டி பொடி, சாயங்காலம் ஒரு கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீரில். டப்பாவின் மேல் சிவப்பாக ஓர் இதயம். அதற்கு இரண்டு பக்கமும் சிறகு. இதயத்துக்குச் சிறகு எதற்கு? பறந்து போகவா?

ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட பாவாடை அடுத்த தெருவில் கிடந்தது. நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் ஆள் இல்லை, டோனர் மாற்ற வேண்டும். அம்மாவுக்குச் சீரகம். என் செருப்புக்கு வார்.

கடை மத்தியானம் சாத்தியதும் வீட்டுக்கு வந்து தறிக்கொட்டகையில் பின் ஊசி தேடினேன். நூல் தீர்ந்த தார்க்குச்சிகளைப் போடும் சாக்குக்குள் கை விட்டால் மாத்திரை அட்டைகள். சர்க்கரைக்கு, பிரஷருக்கு, கொழுப்புக்கு, ரத்தம் உறையாமல் இருக்க. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. விசைத்தறிச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அட்டையைத் தூக்கிக் காட்டினேன். அப்பா உள்ளங்கையைக் கவிழ்த்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

நிறுத்தியாச்சு.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் இந்தக் கைப்பேச்சு தெரியும். கை இடமும் வலமும் போய்வந்தால் தறி ஓடுகிறது. உள்ளங்கை கவிழ்ந்தால் நின்றுவிட்டது. இரண்டு விரல் கத்தரி மாதிரி ஆடினால் நூல் அறுந்தது. பெருவிரல் வாய்க்குப் போனால் டீ. எனக்கு வாய்ப்பேச்சு வருமுன் இதுதான் வந்தது என்பாள் அம்மா.

மாத்திரை நின்றது டப்பா வந்த அன்றுதான். நானும் அப்போது பக்கத்தில் இருந்தேன். முருகையா மாமா அம்மாவுடன் பிறந்த தம்பி. (இனி மு.மா. முழுப் பெயர் எழுதக் கை கூசுகிறது.)

"அத்தான், இது மருந்தே கெடையாது. சத்து. அமினோ ஆசிட்."

"ஆசிட்டா மாப்ள? கக்கூசுக்கு ஊத்துவமே, அதா?"

"ஐயோ, அது வேற ஆசிட்டு. இது ரத்தக்கொழாயக் கழுவுத ஆசிட்டு."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அடைத்த கக்கூஸைத் திறப்பதுதான் அடைத்த குழாயையும் திறக்கும். உண்மை எதுவும் இவ்வளவு லேசாகப் புரியாது. பொய்தான் புரியும்.

அரசாங்க மாத்திரை வீடு தேடி வருகிறது, சும்மா வருகிறது. சும்மா வருவதில் என்ன இருந்துவிடும்? டப்பா விலை கூட. அப்படியென்றால் நல்லது. ஏழைக்கு இந்த நாடு சொல்லிக்கொடுத்த விஞ்ஞானம் இவ்வளவுதான்.

அட்டைகளை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அங்கேயிருந்து தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது.

ஜூலை 19, சனி

காலையில் அம்மாவின் சத்தம். "ஏட்டி கோமதி, குங்குமச் சிமிழக் கொட்டுனது நீதான?"

கொட்டவில்லை. தறிக்கொட்டகை வாசலிலிருந்து அடுப்படி வரை சிவப்புப் பொட்டுகள். ஒரே இடைவெளி விட்டு, யாரோ கோலம் போடப் புள்ளி வைத்த மாதிரி. அம்மா விரலில் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனாள். ஈரமாக இருந்ததால் நின்றாள்.

அப்பா அடுப்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சொம்பு சொம்பாக. இடது உள்ளங்காலில் கம்பித் துண்டு. பாதிக்கு மேல் உள்ளே.

"யப்பா, வலிக்கலயா?"

"எது?"

காலைத் தூக்கிக் காட்டியதும் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "அட, எப்பம் ஏறிச்சு இது?"

மாத்திரை கொண்டுவரும் ராஜி அக்காவைக் கூப்பிட்டேன். கம்பியைப் பிடுங்கினாள். முகம் சுளித்தது நானும் அம்மாவும். அப்பா டீயைக் கேட்டார்.

ரா. அக்கா கட்டுப் போட்டுக்கொண்டே: "சர்க்கர நரம்பத் தின்னுட்டு அண்ணாச்சி. காலு மரத்த மாரியே நெஞ்சும் மரத்துரும். உள்ள அட்டாக்கே வந்தாலும் வலி வெளிய தெரியாது. வலிக்கலன்னு மட்டும் இருந்துராதீங்க."

"நெஞ்சுக்குத்தான் மாப்ள சத்து குடுத்திருக்கானே."

"என்ன சத்து?"

அம்மா டப்பாவை எடுக்கப் போனவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

வாசல்வரை போய் அக்காவிடம் சொன்னேன், ஒரு மாத்திரைகூடப் போடவில்லை என்று. அவள் திட்டவில்லை. இந்தத் தெருவில் இது எத்தனையாவது வீடோ. "ஒரு ஈசிஜி எடுத்துருட்டி. இழுத்துக்கிட்டாவது போ."

தரையைக் கழுவினேன். ஓர் இடத்தில் மட்டும் கறை போகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

டப்பா விற்பவர்கள் நடத்தும் கூட்டத்துக்கு அப்பா போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். கல்யாண மண்டபம், ஏசி ஹால். மணமேடையில் மாப்பிள்ளை, பெண் நாற்காலி இரண்டும் அப்படியே இருந்தன. ஒன்றில் கோட்டுப் போட்டவர். இன்னொன்றில் டப்பா.

வந்திருந்தவர்கள் எல்லாம் தெரிந்த முகம். எங்கள் தெருத் தறிக்காரர்கள். சந்தையில் காய் விற்கும் அக்கா. எனக்கு ஆறாம் வகுப்பில் அறிவியல் எடுத்த சார் (அவரேதான்). எல்லோருக்கும் சர்க்கரை. மு.மா. வாசலில் சந்தனம் நீட்டினார். என்னைப் பார்த்ததும், "மருமவளே, நீயும் சேர்ந்துரு. ரெண்டு பேரச் சேத்துவிட்டா ஜெராக்ஸ் கடைய விட்டுரலாம்."

"ஜெராக்ஸ் கடையில காப்பிய காப்பின்னுதான் சொல்லி விக்கோம் மாமா."

சிரித்தார். எதற்கும் சிரிப்பார். அதுதான் அவர் படித்த படிப்பு.

பிறகு கோட்டுக்காரர் விளக்கை அணைக்கச் சொன்னார். வலது கையை நெஞ்சில் வைக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார்.

"உள்ளே ஒரு சத்தம் வரும். அவசரப்படாதீங்க. கேளுங்க."

ஒரு இருமல் இல்லை. ஏசி மட்டும் மூச்சு விட்டது. நான் கண்ணை மூடவில்லை. இருட்டில் அத்தனை பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதைக் கேட்பது மாதிரி.

"கேக்குதா?"

"கேக்குது." ஒரே குரலில்.

"அதுதான் அமினோ ஆசிட் உங்க இதயத்துல வேலை செய்யுற சத்தம்."

உயிரோடு இருக்கும் எவனுக்கும் கேட்கும் சத்தம் அது. எழுந்து இதைக் கத்திச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பார்த்தால் என் கையும் என் நெஞ்சில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியாது.

அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார், கேட்கும் சத்தத்துக்குத் தாளம் போடுவது மாதிரி. ரெண்டு ஆட்டு. நிறுத்தம். வேகமாக மூணு. நீளமாக ஒரு நிறுத்தம். மறுபடி ஒன்று.

அந்த நிறுத்தத்தில் நானும் மூச்சு விடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. கடையில் சர்வர் வேலை செய்யாமல் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தவர்கள் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். அரசாங்கம் தூங்கினால் அடி எனக்கு.

இன்று எறும்பு.

கொட்டகைக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில்தான் அப்பா ஒன்றுக்குப் போவார். தறியை விட்டுக் கக்கூஸ் வரை நடக்கச் சோம்பல். காலையில் அம்மா அங்கே சாணி எடுக்கப் போனவள் ஓடி வந்தாள்.

"ஏட்டி, வந்து பாரு. அம்மன் வந்திருக்கா."

மரத்தடி கறுப்பாக இருந்தது. கறுப்பு நகர்ந்தது. அத்தனை எறும்பு நான் ஓரிடத்தில் பார்த்ததில்லை. நடுவில் கொஞ்சம் மண்ணைக் கிளறி வட்டமாக ஒதுக்கியிருந்தன. அம்மா அதைச் சுற்றி மஞ்சள் பொடி தூவிவிட்டாள். குங்குமமும் வைத்தாயிற்று.

"புத்து கட்டுதாட்டி. ஆடி மாசத்துல, தபசுத் திருவிழா வார நேரத்துல."

"யம்மா, புத்து கட்டுதது கறையான். இது எறும்பு. யப்பா மூத்திரத்துல சர்க்கர எறங்குது. அதத் திங்க வருது."

அம்மா என் வாயில் அடித்தாள். வலிக்கிற மாதிரி இல்லை, பயந்த மாதிரி. "சாமிய என்ன சொல்லுதா பாரு. வாய் அழுவிரும்ட்டி."

கோவிலில் புற்று மண்தான் பிரசாதம். சொறிக்கும் அதுதான், வயிற்று வலிக்கும் அதுதான். எனக்கும் பூசித்தான் வளர்த்தாள். புற்றை எதிர்த்துப் பேசி இந்த ஊரில் எந்தப் பெண்ணும் ஜெயிக்க முடியாது. இந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு அந்த அம்மன் பெயர்தான், எனக்கும் சேர்த்து.

மத்தியானம் பால் ஊற்றினாள். எறும்பு இரண்டு மடங்கு. அப்பாவிடம் இனி அங்கே ஒன்றுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். தீட்டு.

சரி, அப்படியாவது எறும்பு வருவது நின்றுபோகும் என்று நினைத்தேன்.

ஜூலை 23, புதன்

மாதாந்திர மின்தடை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. கடை மூடல்.

எங்கள் தெருவில் தறி நின்றால் வரும் அமைதி வேறு ஊர் அமைதி மாதிரி இல்லை. காது அடைத்துக்கொண்டது போல இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கும். தண்ணீர் சொட்டுவது. பக்கத்து வீட்டில் யாரோ தலை சீவுவது. காற்று.

அப்பா நடுவீட்டில் உட்கார்ந்து கத்தினார்: "கோமதி! தண்ணி கொண்டாட்டி!"

பக்கத்தில்தான் நிற்கிறேன். "ஏன்ப்பா கத்துதீங்க?"

"என்னது?" காதைக் காட்டிக் கையை விரித்தார். கேட்கவில்லையாம். "தறி ஓடுதுல்லா!"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"யப்பா, கரண்ட் இல்ல. நம்ம தெருவுல ஒரு தறி ஓடல."

"நம்ம ரெண்டும் நிக்கி, தெரியுது. மூணாவது ஓடுதே."

"மூணாவது எங்க இருக்கு நமக்கு?"

கொட்டகைப் பக்கம் பார்த்தார். அப்புறம் சுவரை. அப்புறம் கூரையை. எங்கேயிருந்து வருகிறது என்று தேடுகிற முகம். "யாரு ஓட்டுதானோ, ஒழுங்கா ஓட்டத் தெரியல. நாடா தப்புது. கேளு. தப்புது பாரு. இந்தா, திரும்பயும்."

ஒவ்வொரு "தப்புது"க்கும் விரலைத் தூக்கினார். வெயில் வாசல்படி வரை வந்திருந்தது. பகல் பதினொன்று இருக்கும்.

அவர் பின்னால் போய் முதுகில் காதை வைத்தேன். சின்ன வயதுக்குப் பிறகு இப்போதுதான். சட்டை நனைந்திருந்தது.

கேட்டது.

தறிச் சத்தத்தில் பிறந்தவள் நான். எந்தத் தறிக்கு என்ன கோளாறு என்று தெருவில் நடந்துகொண்டே சொல்வேன். ஊடு நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடா ஒழுங்காகப் போய்வந்தால் ஒரு சத்தம். வழியில் மாட்டி, உதறி, இரண்டு அடி ஒன்றாக விழுந்தால் வேறு சத்தம். அப்படி ஒரு தறி ஓடினால் யாராக இருந்தாலும் ஓடிப்போய் நிறுத்துவார்கள். நிறுத்தாவிட்டால் நாடா தெறித்து ஆளை அடிக்கும்.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குதுப்பா."

"அப்பம் பொய்யில்லல்ல. மாப்ள சொன்னான், பவுடர் வேல செய்யும்போது கேக்கும்னு."

அந்த இருட்டு ஹாலில் சொன்ன அதே வார்த்தையை நான் பகலில் என் வாயால் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

ஜூலை 24, வியாழன்

டப்பாவைக் கடைக்குக் கொண்டுபோய் லேபிளை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். ஆர்ஜினின், டாரின், லூசின், இன்னும் நாலைந்து. நெட்டில் தேடினேன். ஒருவர் இதயத்துக்கு நல்லது என்கிறார். ஒருவர் இன்னும் நிரூபணமாகவில்லை என்கிறார். இதில் சிலது சர்க்கரைக்காரர் ரத்தத்தில் ஏற்கெனவே கூடுதலாகத்தான் கிடக்கிறது என்று ஒருவர். படித்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒன்றில் மட்டும் சண்டை இல்லை: மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடி என்று எவரும் சொல்லவில்லை.

மு.மா.வைத் தவிர.

டப்பாவின் அடியில் எறும்பை விடச் சின்ன எழுத்து: எந்த நோயையும் குணப்படுத்த அல்ல.

சாயங்காலம் மாமா வந்தார். பெரிதாக்கிய காகிதத்தை முன்னால் வைத்தேன்.

"இதப் படிங்க மாமா. சத்தமாப் படிங்க, யப்பாவுக்குக் கேக்கட்டும்."

"அது அரசாங்கத்துக்காகப் போடுதது மருமவளே. சிகரெட் டப்பாவுல போடலயா? அப்படி."

"சிகரெட் டப்பாவுல போட்டது உண்ம மாமா."

"ஏ யக்கா, பிள்ளையப் படிக்க வச்சது தப்பு. பேச்சப் பாரு."

"நாளைக்கு ஈசிஜி எடுக்கக் கூட்டிட்டுப் போறேன்."

மாமாவின் சிரிப்பு ஒரு நொடி நின்றது. "எடுக்கலாம். ஆனா அது கரண்ட்டு மிஷினு. உள்ள சத்து ஏறிக்கிட்டு இருக்க நேரத்துல நெஞ்சுல கரண்ட்டு பட்டா எல்லாம் முறிஞ்சிரும். தபசு முடியட்டும்."

"கரண்ட விடாது மாமா. உள்ள இருக்கதத்தான் அளக்கும்."

"நீ டாக்டரா?"

"நீங்க டாக்டரா?"

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் உதட்டைத்தான் பார்த்தார். தறி ஓடும்போது பார்ப்பது மாதிரி. பிறகு கத்தினார்: "ரெண்டு பேரும் மெல்லப் பேசுதீங்க. ஒண்ணும் கேக்கல."

மாமா போன பிறகு அம்மா குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி.

எறும்பு அங்கே வந்துவிட்டது. வேப்ப மரத்தடியில் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் வட்டம் மட்டும் காலியாக. அங்கிருந்து கிளம்பி, சுவர் ஓரமாக வரிசை போட்டு, சாக்கடைத் துவாரம் வழியாக ஏறி, அப்பா இப்போது ஒன்றுக்குப் போகும் மூலையில் கூடியிருந்தன.

"அம்மன் உங்க பின்னாலயே வாரா," என்றாள் அம்மா, அப்பாவிடம், கையைக் கூப்பியபடி. அழுதாள். சந்தோஷத்திலா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். சர்க்கரை எங்கேயோ அங்கே எறும்பு. காரணம் தெரிந்தும் அந்த மூலையைப் பார்க்க முடியவில்லை. குளிக்காமல் படுத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

அப்பாவுக்குக் காலையில் தாடை வலி. பல்லாம். கிராம்பு கடித்தார். சோறு இறங்கவில்லை. வியர்வை. உட்கார்ந்த இடத்தில் சட்டை பிழியலாம்.

அம்மா கோவிலுக்குப் போய்ப் புற்று மண் கொண்டுவந்தாள். நெற்றியில் பூசினாள். மிச்சத்தை டப்பாவுக்குள் போட்டு நன்றாகக் கலக்கிவிட்டாள். வெள்ளைப் பொடி பழுப்பாகிவிட்டது. "ரெண்டும் சேந்து வேல செய்யட்டும்," என்றாள். டப்பாக்காரனையும் அம்மனையும் ஒரே கரண்டியில். நெற்றியில் மண் காய்ந்து வெடித்ததும் அப்பா முகம் ஆறு மாதம் தண்ணீர் காணாத கண்மாய் மாதிரி இருந்தது.

ரா. அக்காவை வரவழைத்தேன். விரலில் குத்திச் சர்க்கரை மிஷினில் வைத்தாள். எண் வரவில்லை. HI என்று இரண்டு எழுத்து.

அப்பா எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். "ஹாய்." முகம் மலர்ந்தது. "மிஷினு நமக்கு ஹாய் சொல்லுதுட்டி."

அம்மாவும் சிரித்தாள். எனக்கும் அரை நொடி சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, அது ஹாய் இல்ல. மிஷினால அளக்க முடியாத உயரத்துக்குப் போயிட்டுன்னு அர்த்தம். இப்பமே கெளம்புங்க. ஆம்புலன்சக் கூப்பிடுதேன்."

அப்பா எழுந்தார். கிளம்பத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். கொட்டகைக்குள் போய் உள்ளே கொண்டி போட்டுக்கொண்டார். முதல் தறி கிளம்பியது. இரண்டாவது கிளம்பியது. ஜன்னல் கம்பி வழியே கத்தினேன். உதட்டைப் படித்துவிட்டுப் பதிலுக்கு வாயசைத்தார்:

பாவு நாளைக்கு முடிஞ்சிரும். சேலைய அறுத்துக் குடுத்துட்டு வாரேன்.

தறியில் ஏற்றிய நூல் தீருமுன், பாதிப் பாவில் விட்டுவிட்டு எங்கள் தெருவில் யாரும் எங்கேயும் போனதில்லை. சாவு வீட்டுக்குக்கூட. நூல் கொடுத்த முதலாளி அப்படிப் பழக்கியிருக்கிறான். அவன் ஆஸ்பத்திரியில் படுத்தால் மில் நிற்குமா என்று யாரும் கேட்டதில்லை.

அம்மா போனில் மாமாவிடம் பேசிவிட்டு வந்தாள். "தம்பி சொல்லுதான், சத்து எறங்கும்போது சுகர் ஒரு ஏறு ஏறித்தான் எறங்குமாம்."

கொண்டி திறக்காததால் வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. அக்கா போகும்போது என் கையைப் பிடித்தாள். "நாளைக்குக் காலைல வாரேன். கதவ ஒடச்சாவது கூட்டிட்டுப் போவோம்."

ஜன்னலில் நின்று கையை இடமும் வலமும் ஆட்டிக் கேட்டேன், மூணாவது ஓடுதா என்று. சிரித்துக்கொண்டே அவரும் ஆட்டினார். ஓடுது.

ஜூலை 27, ஞாயிறு

திருநெல்வேலி. பெரிய ஆஸ்பத்திரி, வராண்டா. கையில் இருந்த ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. கீழே வைக்கச் சொன்னால் வைக்க மாட்டேன் என்கிறாள்.

நேற்று. முந்தின ராத்திரி முழுக்க அப்பா வெளியே வரவில்லை. காலையில் அக்கா வந்தாள். கதவைத் தட்டினோம். "இன்னும் நாலு முழம்தான்!" என்று உள்ளேயிருந்து சத்தம். குரல் தெம்பாக இருந்தது. நம்பினோம். அக்காவுக்கு இன்னும் பத்து வீடு. மத்தியானம் வருகிறேன் என்று போனாள். நான் கடைக்குப் போனேன். ஏன் போனேன்.

மத்தியானம் தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது. எங்கள் வீட்டுத் தறிகள் ஓடும் சத்தம் சரியில்லை. நூல் தீர்ந்த பிறகும் ஓடும் தறிக்கு ஒரு வெறுஞ்சத்தம் உண்டு. எலும்பும் எலும்பும் தட்டுவது மாதிரி. அப்பா இருக்கும் கொட்டகையில் அந்தச் சத்தம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கொண்டியை எதிர்வீட்டு அண்ணன் உடைத்தார்.

இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டிலும் பாவு தீர்ந்திருந்தது. நாடா மட்டும் இங்கும் அங்கும், எதையும் நெய்யாமல். நெய்த சேலை அறுத்து, அழகாக மடித்து ஓரமாக இருந்தது. அப்பா தார்க்குச்சிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். வலது கை நெஞ்சில். தலை ஒருபக்கம் சாய்ந்து. நெற்றியில் மண். கண் திறந்திருந்தது. அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தது மாதிரியே. கேட்டுக்கொண்டிருந்தார்.

காலில் கட்டுப் போட்ட இடத்துக்கு எறும்பு வரிசை வந்திருந்தது.

மெயினை அணைத்தேன். அமைதி விழுந்தது.

அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார்: "ரெண்டத்தான நிறுத்துன? மூணாவத யாருட்டி நிறுத்துனது?"

அப்படியே சரிந்தார்.

ஆம்புலன்ஸ். ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி. அங்கிருந்து இங்கே. வழியெல்லாம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் நிற்கக் கூடாது என்று.

டாக்டர் ஒரு பெண், சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. "வலி எப்போ ஆரம்பிச்சது?"

"வலிக்கவே இல்ல டாக்டர்."

தலையாட்டினார். கேட்டுக் கேட்டுப் பழகிய பதில் போல. "இதுக்கு முன்னாடியும் ஒரு அட்டாக் வந்து போயிருக்கு. கொஞ்ச நாள் முந்தி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. என்ன மாத்திரை எடுத்துக்கிட்டாரு?"

அம்மா டப்பாவை மேஜையில் வைத்தாள். திறந்து பார்த்தார். பழுப்பு.

"இது என்ன கலர்?"

"புத்து மண்ணு தாயி," என்றாள் அம்மா.

டாக்டர் மூடியை மூடினார். "இந்தப் பவுடர் நல்லதா கெட்டதான்னு பேச இப்போ நேரமில்ல. மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?"

"சத்து குடுத்தோமே."

இன்று காலை மாமாவுக்கு மெசேஜ் போட்டேன். வாங்க. வந்து இந்த டாக்டர்கிட்ட சொல்லுங்க, எதை நிறுத்தச் சொன்னீங்கன்னு. உங்க வாயால சொல்லுங்க. இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. அதன் பிறகு அவருடைய குரூப்பில் ஒரு படம் வந்தது: தபசை முன்னிட்டு இரண்டு டப்பா வாங்கினால் ஒரு கரண்டி இலவசம். கீழே சிறகு முளைத்த இதயம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்.

இப்போது நர்ஸ் வந்து, அப்பா முழித்திருக்கிறார், கண்ணாடி வழியாக மட்டும் பாருங்கள் என்றாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கண்ணாடி தடிமன். உள்ளே அத்தனை மிஷின், ஒரு சத்தம் வெளியே வராது. எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு பிரச்சினையா? சத்தம் கேட்காத இடத்தில் பேசித்தானே வளர்ந்தேன். அப்பா என்னைத்தான் பார்த்தார். கண் சிமிட்டியது. நெற்றியைத் துடைத்திருந்தார்கள், ஓரத்தில் மட்டும் மண். இரண்டு கையும் போர்வைக்கு மேலே, விரல் எல்லாம் வெளியே. தலைமாட்டு டிவியில் பச்சைக் கோடு. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவர் சொன்னால் தெரியும்.

கையைத் தூக்கினேன். இடமும் வலமும்.

ஓடுதா?

பார்த்துக்கொண்டேயிருந்தார். கை அசையவில்லை. கவிழவும் இல்லை.

திரும்பவும் ஆட்டினேன். பெரிதாக, தெருவுக்கே தெரிகிற மாதிரி. நர்ஸ் போதும் என்று தோளைத் தொட்டாள். விடவில்லை.

யப்பா, ஓடுதா இல்லையா. சொல்லுங்க.